வாசலில் மூன்று ஜோடிச் செருப்பு

ஒருவரைப் பார்த்ததும் எடைபோடுகிறவர்கள் முகத்தைப் பார்ப்பார்கள், உடுப்பைப் பார்ப்பார்கள். என் அப்பா செருப்பைப் பார்ப்பார். அதன் விலையும் அழகும் அவருக்குப் பொருட்டல்ல. வாசலில் அதை எப்படிக் கழற்றி விட்டுவிட்டு ஆள் உள்ளே வருகிறார் என்பதுதான் கேள்வி. அதை மட்டும் பார்த்துவிட்டால் போதும், அந்த ஆளின் குணம், வளர்ப்பு, கோபதாபம், பெண்டாட்டியை எப்படி வைத்துக்கொள்வார் என்பது வரைக்கும் சொல்லிவிடுவார். சொன்னதை அவர் பிறகு மாற்றிக்கொண்டதாகச் சரித்திரம் கிடையாது.

அப்பா பொதுப்பணித் துறையில் ஓவர்சியர். தாமிரபரணி வாய்க்கால் கரைகளில் பாதி வாழ்க்கையை நடந்தே கழித்தவர். கரைச் சேற்றில் பதிந்த காலடியைப் பார்த்தே, அனுமதி இல்லாமல் மடையைத் திறந்தவர் யார் என்று கண்டுபிடித்துவிடுவார் என்று ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவரே அப்பாதான் என்று எனக்கு வெகுநாளாகச் சந்தேகம். அது எப்படியோ போகட்டும். மடை திறக்கிறவர்களோடு அவர் நின்றிருந்தால் எனக்கொன்றுமில்லை. எனக்கு வந்த மாப்பிள்ளைகளையும் அதே கணக்கில் பார்த்ததுதான் வினை.

தொண்ணூறுகளின் ஆரம்பம். நான் பட்டப்படிப்பை முடித்துவிட்டு அம்பாசமுத்திரத்து வீட்டில் இருந்தேன். பெண் பார்க்க வருகிறவர்கள் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருந்தார்கள். கேசரி கிளறிக் கிளறி அம்மாவுக்குத் தோள்பட்டை வலியே வந்துவிட்டது. வந்தவர்களில் முதலாமவர் வங்கியில் அதிகாரி. அவர் செருப்பு அவருடைய அப்பா செருப்பின் மேல் ஏறிக் கிடந்தது. "பெத்தவன் தலையில ஏறி மிதிக்கவன்" என்று அப்பா அன்று சாயங்காலமே வேண்டாம் என்றுவிட்டார். அப்புறம் ஒருவர் ஷூ போட்டு வந்தார். அவர் நாடாவை அவிழ்த்து முடிக்கும் வரை குடும்பமே நடையில் காத்து நின்றது. ஒரு முடிச்சை அவிழ்க்க இவ்வளவு நேரமா என்றார் அப்பா. முடிச்சுப் போட மட்டும் சரியாக இருப்பாரோ என்னவோ, அதைச் சோதிக்க எனக்கு வாய்ப்பே தரவில்லை. இன்னொருவருடைய செருப்பு ஒழுங்காகத்தான் இருந்தது, ஆனால் வாசலுக்கு நேரே நடுவில் இருந்தது. அடுத்தவருக்கு வழி விடாத ஆளாம்.

நான் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று நினைக்கலாம். அந்த மூன்று பேரும் எனக்கும் பிடிக்கவில்லை, அதனால்தான். அப்பாவின் சாத்திரம் எனக்குச் சாதகமாக இருந்தவரை அதில் பெரிய குற்றம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அப்பா கையிருப்பில் ஓர் ஆளை வைத்திருந்தார். தூரத்துச் சொந்தம், சர்க்கார் உத்தியோகம். அவர் எந்த வீட்டுக்குப் போனாலும் செருப்பைச் சுவரோரமாக வைத்து, தூசி படாமல் மேலே கைக்குட்டையை விரித்து மூடிவிட்டுத்தான் உள்ளே போவார். அப்பா இதை நேரில் பார்த்துவிட்டு வந்து, அன்று முழுவதும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். நானும் அவரை ஒரு கல்யாண வீட்டில் பார்த்திருக்கிறேன். பந்தியில் உட்கார்ந்ததும் தண்ணீர் தெளித்து இலையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அப்பளம் வந்து, பாயசம் வந்து, பக்கத்து இலைக்காரர் மோருக்குப் போன பிறகும் ஓரங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கைக்குட்டைக்காரரை நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டும். அடுத்து வருகிற வரனும் சரிப்படாவிட்டால் ஆவணியில் கைக்குட்டைக்காரருக்கே பேசி முடித்துவிடுவது என்று அப்பா தீர்மானமாகச் சொல்லிவிட்டார்.

அந்த அடுத்த வரனைக் கொண்டுவந்தவர் என் மாமா, அம்மாவின் தம்பி. இதுதான் எல்லாவற்றிலும் பெரிய சிக்கல்.

மாமாவுக்கு முக்கூடலில் சின்ன ஜவுளிக்கடை. அவரைப் போல ஒழுங்கான மனிதரை நான் பார்த்ததில்லை. கடைக்கு வருகிறவர்கள் வாசலில் உதறிவிட்டுப் போகிற செருப்புகளைக்கூட, சேலை விரித்துக் காட்டுகிற நேரம் போக மற்ற நேரத்தில் வெளியே வந்து ஜோடி சேர்த்து வைப்பார். ஆனால் அப்பாவுக்கு அவர் துப்பில்லாதவர். காரணம் அப்பா அம்மா கல்யாணத்தில் நடந்தது. மைத்துனன் முறைக்கு, மாப்பிள்ளையின் புதுச் செருப்பைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிற வேலையை அன்று மாமாவிடம் கொடுத்திருந்தார்கள். மீசை அரும்புகிற வயசு. பந்தியில் பாயசம் தீரப்போகிறது என்று யாரோ சொல்ல, ஓர் எட்டு உள்ளே போய்விட்டு வந்திருக்கிறார். செருப்பைக் காணோம். பங்குனி வெயிலில், தார் உருகுகிற ரோட்டில், மாப்பிள்ளை ஊர்வலம் முழுவதும் அப்பா வெறுங்காலோடு போனார். மாமாவைப் பற்றிய முதல் அபிப்பிராயம் அப்பாவுக்கு உள்ளங்காலில் பதிந்தது. கொப்புளம் ஆறிவிட்டது, அபிப்பிராயம் ஆறவில்லை.

அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேலாக, மாமா எங்கள் வீட்டுக்கு வந்தால் புறவாசல் வழியாகத்தான் வருவார். கொல்லைக் கதவருகே செருப்பை விட்டுவிட்டு, அடுக்களையில் உட்கார்ந்து அக்காவோடு பேசிவிட்டு, அப்பா ஆபீசிலிருந்து வருகிற நேரத்துக்குள் முக்கூடல் பஸ்ஸைப் பிடித்துவிடுவார். ஆகவே அவர் செருப்பை எப்படி விடுகிறார் என்பதை அப்பா ஒருநாளும் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் அவருக்குத் தோன்றியதில்லை.

மாப்பிள்ளை வீடு திருநெல்வேலி. மாப்பிள்ளைக்கு டெலிபோன் ஆபீசில் வேலை. மாமாதான் அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளத்தை மூடாமல் விட்டிருந்ததால் வாடகைக் கார் தெருமுனையிலேயே நின்றுவிட்டது. எல்லாரும் இறங்கி நடந்து வந்தார்கள். நான் மாடி அறை ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நின்று பார்த்தேன். பெண் பார்க்க வருகிறவர்களைப் பெண் பார்ப்பதற்கு வேறு வழி கிடையாது.

முதலில் மாப்பிள்ளையின் அம்மா. பின்னால் கைத்தடியோடு மாப்பிள்ளையின் அப்பா. கூடவே குடையைப் பிடித்தபடி மாமா. கடைசியாக அவர், மாப்பிள்ளை. எங்கள் தெருவில் ஒரு செவலைப் பசு உண்டு. யாருக்குச் சொந்தம் என்று தெரியாது, அதன் நினைப்பு தெருவே அதற்குச் சொந்தம் என்று. அது சரியாக எங்கள் வீட்டுக்கு முன்னால் குறுக்கே நின்றது. மற்றவர்கள் சுற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். அவர் மட்டும் அதன் எதிரே நின்று, ஒரு கையை நெஞ்சருகே வைத்துக்கொண்டு, "கொஞ்சம் வழி விடுங்க" என்றார்.

மாட்டுக்கு மரியாதை. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். வாயில்லா ஜீவனிடமே இப்படிப் பேசுகிறவர் நம்மிடம் எப்படிப் பேசுவார் என்று மனசு கணக்குப் போட்டது. பசு பைய நகர்ந்தது. அது நகர்ந்து முடிப்பதற்குள் நான் இவரைத்தான் கட்டிக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டேன். அப்பாவைக் கேலி செய்கிற எனக்கு அவ்வளவுதான் நேரம் பிடித்தது. மாப்பிள்ளைக்கு மாட்டைக் கண்டால் குலைநடுக்கம், அன்று வாயிலிருந்து வந்தது மரியாதையே அல்ல, பயம் என்பது கல்யாணத்துக்கு அப்புறம்தான் தெரிந்தது.

அந்தச் சந்தோஷம் எனக்கு வாசற்படி வரைதான் நிலைத்தது. மாமா குனிந்து தன் செருப்பைக் கழற்றி, தெருவைப் பார்த்துத் திருப்பி, ஓரமாக ஜோடியாக வைத்தார். மாப்பிள்ளையின் அப்பா கட்டைவிரல் வளையம் வைத்த தன் பழைய செருப்பைக் கைத்தடியாலேயே நகர்த்தி வைத்தார். அவர் பிள்ளையோ நடையை நிறுத்தவே இல்லை. நடந்த வேகத்திலேயே காலை ஓர் உதறு உதறினார். ஒரு செருப்பு படியில் விழுந்தது. மற்றது பறந்துபோய் செம்பருத்திச் செடியடியில் கவிழ்ந்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

செருப்பு கவிழ்ந்து கிடந்தால் வீட்டில் சண்டை வரும் என்பது அப்பாவின் சாத்திரத்தில் முதல் பக்கம். கைக்குட்டைக்காரர் இலை துடைப்பது என் கண்முன் வந்தது.

ஓடிப்போய் அதை எடுத்து வைத்துவிடலாம்தான். ஆனால் பெண் பார்க்க வந்திருக்கும்போது பெண் வாசலுக்குப் போய் மாப்பிள்ளையின் செருப்பைத் தேடினால் ஊர் என்ன பேசும். நான் பின் படிக்கட்டு வழியாக அடுக்களைக்கு இறங்கினேன். அங்கே அம்மாவைத் தவிர யாரும் இல்லை. அம்மா பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொல்வதற்குள் கூடத்தில் அப்பாவின் குரல் கேட்டது. வாசலில் மாடு நிற்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று வந்தவர்களிடம் சொன்னார். மாடு என்பது சாக்கு. செருப்பு கழற்றுவதை அவர் நேரில் பார்க்க மாட்டார், பார்க்கிறோம் என்று தெரிந்தால் எவனும் ஒழுங்காக வைப்பான் என்பார். எல்லாரும் உட்கார்ந்த பிறகு போய் மிச்சத்தைப் பார்ப்பதுதான் அவர் முறை.

அவர் திரும்பி நேரே அடுக்களைக்கு வந்தார். நான் அடுப்பைப் பார்த்து நின்றேன். இத்தனைக்கும் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தது அம்மாதான்.

"ஏளா, பாத்துட்டேன்" என்றார் அம்மாவிடம். "ஆம்பிளைச் செருப்பு மூணு ஜோடி கெடக்கு. வளையம் வச்சது பெரியவர் செருப்பு. மாப்பிள்ளை செருப்பு ஓரமா, ஜோடியா, தெருவைப் பாத்துத் திருப்பி இருக்கு. இப்படி ஒருத்தனை நான் பாத்ததில்ல."

அம்மா கரண்டியோடு திரும்பினார்.

"உன் தம்பி செருப்பையும் பாத்தேன். ஒண்ணு படியில, ஒண்ணு செம்பருத்தி மூட்டுல கவுந்து கெடக்கு. அவன் புத்தி எங்க போவும்."

கவனியுங்கள். யார் செருப்பு எது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. சிதறிக் கிடந்த ஜோடியைப் பார்த்ததும் அது மச்சினன் செருப்பாகத்தான் இருக்க முடியும், ஆகவே மிச்சமிருப்பது மாப்பிள்ளையுடையது என்று அவரே தீர்த்துவிட்டார். என்றோ பங்குனி வெயிலில் போட்ட கணக்கு, விடை மட்டும் இப்போது வந்திருக்கிறது.

அம்மாவுக்குத் தம்பியின் செருப்பைத் தெரியாதா. இத்தனை வருஷமாகக் கொல்லைக் கதவருகே அது ஒழுங்காக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர். அம்மா என்னைப் பார்த்தார், நான் அம்மாவைப் பார்த்தேன். தம்பிக்காக வாயைத் திறந்தால் மகளுக்கு வந்த வரன் போய்விடும். அம்மாவின் உதடு ஒரு தடவை அசைந்தது. பிறகு, "எல்லாம் உங்க கண்ணுக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு எண்ணெயில் மாவை விட்டார். அப்பா மனநிறைவோடு கூடத்துக்குப் போனார்.

தண்ணீர்ச் சொம்பு கொண்டுபோக என்று அம்மா மாமாவை உள்ளே கூப்பிட்டார். நடந்ததைச் சொல்லும்போது அம்மாவின் குரல் உடைந்துவிட்டது. எனக்குத் தாங்கவில்லை. நானே போய் அப்பாவிடம் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அப்போது இருந்த கோபத்தில் சொல்லியும் இருப்பேன்.

"ஏட்டி, சும்மா இரி" என்றார் மாமா. "அத்தான் என்னைப் பத்தி நெனைக்கதுல புதுசா என்ன கொறைஞ்சு போச்சு. ஒனக்கு அந்தப் பையனைப் பிடிச்சிருக்கா, அதைச் சொல்லு."

நான் தலையை ஆட்டினேன். அழுகை வந்தது. பஜ்ஜி புகையால் வந்தது என்று வைத்துக்கொண்டேன்.

மாமா யோசித்தார். இன்னும் ஒரு கண்டம் இருந்தது. விருந்தாளிகளை வழியனுப்ப அப்பா வாசலுக்கு வருவார். மாப்பிள்ளையின் கால் செம்பருத்திச் செடியைத் தேடிப் போனால் எல்லாம் முடிந்தது. ஆகவே மாப்பிள்ளை மாமாவின் செருப்பில் போக வேண்டும், மாமா மாப்பிள்ளையின் செருப்பில் போக வேண்டும். மாமாவின் கால் வாழைமட்டை அகலம் இருக்கும். மாப்பிள்ளையின் கால் எப்படியோ தெரியாது.

அதைத் தெரிந்துகொள்ளத்தான் நான் காப்பித் தட்டோடு கூடத்துக்குப் போனேன். போனதிலிருந்து வரும் வரை அவர் காலைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. சின்னக் கால். என்னதான் தாராளமாகப் பார்த்தாலும் சின்னக் கால்தான். மாமாவின் செருப்புக்குள் அது தனியாகக் குடித்தனம் நடத்தலாம். நான் கவலையோடு மறுபடி மறுபடி பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் அம்மா என் அம்மாவிடம் சொன்னது காதில் விழுந்தது. "பிள்ளை தலையை நிமிந்தே பாக்கல. இந்தக் காலத்துல இப்படி ஒரு அடக்கம் எங்க இருக்கு."

பாவம், அந்த மாமியார். அந்த ஒரு தோற்றத்தை நம்பிப் பிற்பாடு பட்டபாட்டை அவரே பலரிடம் சொல்லியிருக்கிறார்.

நான் கதவுக்குப் பின்னால் போனதும் மாமா வெற்றிலைத் தட்டை நீட்டுகிற சாக்கில் மாப்பிள்ளை பக்கம் குனிந்தார். அப்பாவும் பெரியவரும் மழை பிந்தியதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"போம்போது எஞ்செருப்பைப் போட்டுக்கிட்டுப் போங்க மாப்ளே. ஓரமா, தெருவைப் பாத்து இருக்கும்" என்றார் மாமா.

"எதுக்கு மாமா?"

விளக்க நேரமில்லை. அப்பா இந்தப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தார்.

"எங்க பக்கத்து வழக்கம்" என்றார் மாமா.

மாப்பிள்ளை தலையசைத்தார். பெண் பார்க்கப் போகிற இடத்தில் என்ன சொன்னாலும் தலையை ஆட்டு என்று அவர் அம்மா காரிலேயே சொல்லிக் கூட்டிவந்திருக்கிறார்.

வழியனுப்பும்போது நான் மாடிக்கு ஓடிவிட்டேன். மாப்பிள்ளை அதன்படியே மாமாவின் செருப்புக்குள் காலை விட்டார். விட்டதும் அவர் முகம் மாறியது. காலைத் தூக்கினால் செருப்பு தரையிலேயே இருந்துவிடும். அதனால் தூக்காமல், இரண்டு காலையும் தரையோடு தேய்த்துத் தேய்த்து அன்னநடை நடந்தார். பள்ளத்தோரம் வந்ததும் நின்று, விரல்களை மடக்கிச் செருப்பைப் பிடித்துக்கொண்டு, பள்ளத்தின் மேல் போட்டிருந்த பலகையைக் கடந்தார். பின்னால் மாமா. அவர் கால் பாதிதான் செருப்புக்குள் இருந்தது, குதிகால் முழுக்க வெளியே. நுனிக்காலில் எட்டு வைத்து, குடையை ஊன்றிக்கொண்டு போனார். செவலைப் பசு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது.

அப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "எவ்வளவு பைய நடக்காரு பாரு" என்றார் அம்மாவிடம். "பூமிக்கு வலிச்சிரும்னு நடக்காரு. அங்கன உன் தம்பியைப் பாரு. கால் அளவுக்குச் செருப்பு வாங்கத் தெரியுதா அவனுக்கு."

எனக்கு ஜன்னலிலேயே உட்கார்ந்து சிரிப்பும் வந்தது, பற்றிக்கொண்டும் வந்தது. கண்ணெதிரே நடந்து போகிறது உண்மை. அதைப் பார்த்துக்கொண்டே அதிலிருந்து தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்கிறார் மனிதர். மாமாவின் குதிகால் வெடிப்பு தெருவெல்லாம் தெரிகிறது, அதுவும் அவர் குற்றம்.

சம்பந்தம் முடிவானது. கைக்குட்டைக்காரருக்கு வேறிடத்தில் அமைந்தது. அந்தப் பெண்ணை நினைத்து நான் சில நாள் வருத்தப்பட்டேன். அவள் அவருக்கு மேல் துடைக்கிறவள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தபோது, நாள் குறிக்க வந்த மாப்பிள்ளையின் அம்மா அந்தப் பேச்சை எடுத்தார். அவர் முறைகளில் கறாரானவர். உங்கள் பக்கத்தில் தாய்மாமன் செருப்பை மாப்பிள்ளை போட்டுக்கொள்கிற முறை இருக்கிறதாமே, அன்றைக்குச் சும்மா வாசலிலேயே முடித்துவிட்டீர்கள், கல்யாண மண்டபத்தில் சபையறியச் செய்துவிட வேண்டும், முறையில் குறை வைத்துவிட்டோம் என்று நாளைக்குப் பேச்சு வரக்கூடாது என்றார்.

அப்பா முழித்தார். இப்படி ஒரு முறையை அவர் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. ஆனால் சம்பந்தி முன்னால் தன் ஊர் முறை தனக்குத் தெரியாது என்று சொல்கிற ஆளா அவர். "அது இல்லாமலா" என்றார் கம்பீரமாக. அவர்கள் போன பிறகு அம்மாவிடம் தணிந்த குரலில் இந்த முறை உங்கள் பக்கமா எங்கள் பக்கமா என்று கேட்டார். அம்மா இரண்டு பக்கமும்தான் என்றார்.

கல்யாணத்தன்று, தாலி கட்டி முடிந்ததும், மாமா தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு தேங்காயோடு ஒரு செருப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மணவறையைச் சுற்றி வந்தார். உள்ளே மாப்பிள்ளையின் கால் அளவுக்கே வாங்கிய புதுச் செருப்பு. அந்த அளவு மாமாவுக்கு நன்றாகத் தெரியும், அதில் தெருமுனைக் கார் வரை நடந்தவராயிற்றே. நாதஸ்வரக்காரருக்கு இதற்கு என்ன வாசிப்பது என்று தெரியவில்லை. கொஞ்சம் நிறுத்தி யோசித்துவிட்டு, கெட்டிமேளத்தையே இன்னொரு தரம் கொட்டச் சொன்னார். இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் இது ரொம்பப் பழைய முறை என்றும் இப்போதெல்லாம் யார் செய்கிறார்கள் என்றும் பேசிக்கொண்டார்கள். அப்பா மட்டும் நிம்மதியில்லாமல் இருந்தார். போயும் போயும் இவன் கையிலா செருப்பைக் கொடுத்தார்கள் என்று அம்மாவிடம் புலம்பிவிட்டு, அந்தப் பெட்டியை விட்டுக் கண்ணை எடுக்காமலே பந்தியை மேற்பார்வையிட்டார். மாமாவும் அன்றைக்குப் பாயசம் சாப்பிடவில்லை.

மறுநாள் மறுவீடு. எங்கள் வீட்டில் சொதிச் சாப்பாடு. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையை மறுவீட்டுக்கு அழைத்தால் தேங்காய்ப்பால் விட்டு, பாசிப்பருப்பும் காய்களும் போட்ட சொதி வைத்தாக வேண்டும், தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி வேண்டும். அம்மா விடிந்ததிலிருந்து அடுக்களையில் இருந்தார். அப்பா கூடத்தில், வாசலுக்கு நேரே நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையாகிவிட்ட பிறகு ஒருவரை இனி என்ன சோதிப்பது என்று சோதனைகளை விட்டிருந்தார்.

நானும் என் வீட்டுக்காரரும் தெருமுனையில் இறங்கி நடந்து வந்தோம். வழியில் மாமாவும் சேர்ந்துகொண்டார். பெண் கொடுத்த வீட்டு விருந்துக்குத் தாய்மாமன் புறவாசல் வழியாக வருவது நன்றாக இருக்காது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மூன்று பேருமாக வாசலுக்கு வந்தோம். பசு இல்லாத சந்தோஷத்தில் இவர் வேகமாக நடந்தார். நான் எதுவும் சொல்வதற்குள் காலை ஓர் உதறு. ஒரு செருப்பு படியில். மற்றது செம்பருத்திச் செடியடியில், கவிழ்ந்து. மாமன் முறையாகச் சபையில் கொடுத்த அதே புதுச் செருப்பு.

மாமா பழக்கம் விடாமல் குனிந்து, தன் செருப்பைத் தெருவைப் பார்த்துத் திருப்பி, ஓரமாக ஜோடியாக வைத்தார்.

அப்பா பேப்பரை இறக்கினார். இந்த முறை மிச்சம் மீதி எதுவும் இல்லை. எது யாருடையது என்று ஊகிக்க வேண்டியதில்லை. எல்லாவற்றையும் கண்ணாலேயே பார்த்துவிட்டார். எழுந்து வாசலுக்கு வந்து செம்பருத்திச் செடியைப் பார்த்தார். ஓரத்து ஜோடியைப் பார்த்தார். மறுபடி செடியைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் ஒன்றும் புரியாமல் சிரித்துக்கொண்டு நின்றார். மாமாவுக்கு முகம் வெளிறிவிட்டது. அடுக்களை வாசலில் அம்மா கரண்டியும் கையுமாக நிற்பது தெரிந்தது. தாலி கட்டியாகிவிட்டது, கல்யாணம் இனி நிற்காது. ஆனால் அம்மாவும் மாமாவும் நானும் சேர்ந்து ஏமாற்றினோம் என்று தெரிந்தால் மாமா அந்த வீட்டுப் புறவாசலுக்கும் வர முடியாது.

"ஏட்டி, இங்கன வா" என்றார் அப்பா என்னிடம். போனேன்.

"அன்னைக்குப் பொண்ணு பாக்க வந்தப்போ செருப்பை எப்படி வச்சிருந்தாரு. என் கண்ணால பாத்தேன். உன்னைக் கட்டி ஒரு நாள் ஆவலை, அந்த மனுசனைக் கெடுத்துட்டியே."

எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. நான் சின்ன வயசிலிருந்து ஒரு பொய்யான பழிக்கும் சும்மா இருந்தவள் இல்லை. நிமிர்ந்தேன். அதற்குள் அப்பா மாமா பக்கம் திரும்பிவிட்டார். அவர் செருப்பை மேலும் கீழும் பார்த்தார்.

"பரவால்ல மாப்ளே" என்றார். "மாப்பிள்ளையைப் பாத்து நீயாவது திருந்திட்ட."

எங்கள் பக்கத்தில் மச்சினனையும் உரிமையோடு 'மாப்ளே' என்பார்கள், ஆனால் அப்பா மாமாவை அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. மாமாவும் கேட்டதில்லை போல. நரை எட்டிப்பார்த்த மீசைக்கு மேல் கண் இரண்டும் நிறைந்துவிட்டது. "ஆமா அத்தான்" என்று மட்டும் சொன்னார்.

எனக்கு இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"ஆமாப்பா" என்றேன். "என்கூடச் சேந்துதான் கெட்டுட்டாரு."

அப்பா திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டு, செம்பருத்தி மூட்டில் கிடந்த செருப்பைக் காலாலேயே நிமிர்த்தி, படியில் கிடந்ததோடு ஜோடி சேர்த்து வைத்தார். பந்தியில் தன் பக்கத்து இலையில் மாமாவை உட்காரச் சொன்னார். மாமா சொதியை மூன்றாம் தடவை கேட்டு வாங்கினார். என் வீட்டுக்காரர் என் காதருகே குனிந்து, செருப்பை நிமிர்த்தி வைப்பதும் உங்கள் பக்கத்து வழக்கமா என்று கேட்டார். ஆமாம், அது மாமனார் முறை என்றேன்.

அதற்கு அப்புறம் மாமா எங்கள் வீட்டுக்கு முன்வாசல் வழியாகத்தான் வந்தார். அவர் வருகிற நாளில் அப்பா தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டு நிறுத்தி, ஓரத்து ஜோடியைக் காட்டி, "எங்க மாப்பிள்ளைகிட்டப் படிச்சது" என்பார். மாமா உள்ளே அமைதியாகக் காப்பி குடித்துக்கொண்டிருப்பார்.